தூசி மேல் போட்ட பழி

ஞாயிற்றுக்கிழமைச் சந்தையில் கத்தரிக்காய் பொறுக்கிக்கொண்டிருந்தவள், கண் திறந்தபோது தரையில் கிடந்தேன். யாரோ முகத்தில் தண்ணீர் தெளித்திருந்தார்கள். காலையில் சாப்பிடாததுதான் காரணம் என்று சொல்லி, அந்தக் கத்தரிக்காயையும் வாங்கிக்கொண்டுதான் வீட்டுக்கு வந்தேன். அவ்வளவு திமிர் எனக்கு.

மயக்கமெல்லாம் நிலக்கரிச் சுரங்கத்துக்குப் போகிறவர்களுக்குத்தான் என்பது எங்கள் வீட்டு நம்பிக்கை. அப்பாவும் அண்ணனும் மைன்ஸில் வேலை பார்த்தவர்கள். அடிக்கடி தலைசுற்றல், மூச்சிரைப்பு. இருவரும் நாற்பதைத் தாண்டியதும் திடீரென்று போய்ச் சேர்ந்தார்கள்.

"நம்ம வூட்டு ஆளுங்கள அந்தத் தூசிதான் தின்னுகினு இருக்குது. இனிமே ஒருத்தரும் மைன்ஸ் பக்கம் போவக் கூடாது" என்றார் அம்மா. கொடியைத் துடைத்துவிட்டுத்தான் துணி காயப்போட வேண்டிய ஊர் இது. அதனால் யாரும் மறுத்துப் பேசவில்லை. என் மகன் கதிருக்கு மைன்ஸில் அப்ரெண்டிஸ் வாய்ப்பு வந்தபோதும் தடுத்து, கோயம்புத்தூருக்குப் படிக்க அனுப்பினோம். பிள்ளை தப்பித்தான் என்று நிம்மதியாக இருந்தோம்.

இரண்டாம் முறை குளியலறையில் விழுந்தேன். கணவர் என்னைப் புதுச்சேரிக்கு அழைத்துப்போனார். ஈசிஜி (இதயத்தின் மின்னோட்டப் பதிவு) பார்த்த டாக்டர் குடும்பத்தைப் பற்றிக் கேட்டார்.

"அப்பாவும் அண்ணனும் இப்படித்தான் போனாங்க. மைன்ஸ் தூசிங்க டாக்டர்."

"நீங்க மைன்ஸ்லயா வேலை பாக்கறீங்க?"

"இல்லீங்க, தையல் கிளாஸ் எடுக்கறேன்."

அவர் எழுதுவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார்.

மரபணுப் பரிசோதனையில் விடை கிடைத்தது. லேமின் (செல்லின் உட்கருவுக்கு உள்சுவராக இருக்கும் புரதம்) என்னிடம் பிழையாக உருவாகிறது. இது அப்பா வழியாக அண்ணனுக்கும் எனக்கும் வந்ததாம். உட்கருவின் வடிவத்தைத் தாங்குவது லேமின்தான். எந்த மரபணு வேலை செய்ய வேண்டும், எது அடங்கி இருக்க வேண்டும் என்பதிலும் அதற்குப் பங்கு உண்டாம். வயதாகும்போது எல்லோருக்குமே அந்தச் சுவர் கொஞ்சம் தளருமாம்; என் இதயத்தில் அது முன்பே தளர்ந்துவிட்டதாம். "உங்க ஹார்ட்டுக்கு உங்களவிட வயசு கூடம்மா" என்றார் டாக்டர். தோளுக்குக் கீழே ஒரு கருவி (துடிப்பு தடுமாறினால் மின்னதிர்ச்சி கொடுத்துச் சீராக்குவது) வைத்தார்கள். பிள்ளைக்கு வர பாதிக்குப் பாதி வாய்ப்பு என்றும், துடிப்பு மிக மெதுவாவதும் இதன் முதல் அறிகுறியாக இருக்கலாம் என்றும் சொன்னார்கள்.

"அவன் அந்தப் பக்கமே போவலியேடி! அவனுக்கு எப்டிடி வரும்?" என்று அம்மா என்னிடமே சண்டைக்கு வந்தார். நானும்தான் போகவில்லை.

உங்கள் வீட்டில் இளவயதில் அடுத்தடுத்து யாராவது திடீரென இறந்திருந்தால், ஊரையும் காற்றையும் குறை சொல்லிக்கொண்டு உட்காராதீர்கள். இருப்பவர்களின் இதயத்தைப் பரிசோதியுங்கள். எங்களுக்கு இதைச் சொல்ல ஆள் இல்லை.

கதிர் வந்து பரிசோதனைக்கு ரத்தம் கொடுத்துவிட்டான். முடிவு இன்னும் வரவில்லை. முன்பெல்லாம் மைன்ஸில் ஷிப்டுக்கு ஊதும் சங்கை வைத்துத்தான் எனக்கு நேரம் தெரியும். இப்போது என் நெஞ்சு அடித்து, மறுபடி அடிக்கும்வரை உள்ள இடைவெளிதான் என் நேரம். அது எவ்வளவு நீளம் என்று எனக்கு நன்றாகத் தெரியும்.

"பயப்படாதம்மா. காலேஜ் கோச்சே சொன்னாரு, எனக்கு ஸ்போர்ட்ஸ்மேன் பல்ஸாம். ரொம்ப ஸ்லோவாம்" என்று சிரித்தபடி கையை நீட்டினான்.

மணிக்கட்டைப் பிடித்தேன். ஒரு துடிப்பு. அடுத்ததற்காகக் காத்திருந்தேன். அவன் சிரித்துக்கொண்டே இருந்தான். இன்னும் காத்திருந்தேன்.