டின் பால் பாடம்

பெரிய டீச்சர் அன்று வகுப்புக்குக் கொண்டுவந்தது ஒரு பால் டின். மேலே இரண்டு துளை போட்டு, கண்ணாடித் தட்டின்மேல் கவிழ்த்துப் பிடித்தார். கெட்டியான சர்க்கரைப் பால் அவசரமே இல்லாமல் இறங்கியது. ஆறாம் வகுப்பு மொத்தமும் வாயூறிப் பார்த்துக்கொண்டிருந்தது. கடல்கடந்து நாங்கள் குடியேறியிருந்த நாட்டுக்குச் சுதந்திரம் வந்த புதிது. காஜா பெராங்கில் ஒரு தமிழ்ப் பள்ளியில் நான் பயிற்சி ஆசிரியையாகக் கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன்.

சுகாதாரப் பாடத்தை அவரைப்போல் நடத்தியவரை நான் பார்த்ததில்லை. சிறுகுடலின் நீளம் தெரியட்டும் என்று தன் பழைய புடவையை வராந்தாவில் விரித்துப் பிள்ளைகளைப் பிடிக்கச் சொல்வார். அன்று, ரொட்டியில் ஊற்றிய டின் பால் இரைப்பைக்கும் குடலுக்கும் போய், ரத்தத்தில் கலந்து, ஓடியாடிச் செலவாகாத மிச்சம் தோலுக்கடியில் கொழுப்பாகத் தங்குகிறது என்றார். சொல்லி வாய் மூடவில்லை; அத்தனை தலைகளும் மூன்றாவது பெஞ்சிலிருந்த பருத்த பெண்ணின் பக்கம் திரும்பின. வகுப்பு கொல்லென்று சிரித்தது. டீச்சருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. நானும் சிரித்தேன், பொய் சொல்வானேன்.

மறுநாள் அவள் வரவில்லை. அந்த வாரமே வரவில்லை. இனிப் பள்ளிக்கூடமே வேண்டாம் என்று அழுகிறாளாம். வீட்டிலேயே இருக்கட்டும் என்று அம்மாவும் சொல்லிவிட்டாராம். பன்னிரண்டு வயதுப் பெண்ணின் படிப்பு நிற்க அந்தக் காலத்தில் அது போதும். டீச்சர் என்னையும் கூட்டிக்கொண்டு அவள் வீட்டுக்குப் போனார். டின் பாலைக் குறைக்கச் சொல்லத்தான் போகிறார் என்று நினைத்தேன். அந்த அம்மா எங்களை உட்காரவைத்து, டின் பாலைத் தாராளமாக ஊற்றித் தேநீர் கொடுத்தார். பிறகுதான் பேசினார்.

"ஜப்பான்காரன் காலத்துல மூத்தவ வெறும் மரவள்ளிக் கெழங்கத் தின்னு, கைகால் வீங்கிச் செத்துட்டா டீச்சர். இவ கேக்குறப்ப நான் எப்படி இல்லேங்கிறது?"

டீச்சர் தேநீரை மிச்சம் வைக்காமல் குடித்தார். கதவோரம் நின்ற பெண்ணைக் கூப்பிட்டு, திங்கட்கிழமை ஒரு நாள் மட்டும் வா, பிடிக்காவிட்டால் உன் இஷ்டம் என்றார்.

வந்தாள். தலைகுனிந்து உட்கார்ந்தாள். டீச்சர் நேராக அவள் முன்னால் போய் நின்றார்.

"போன வாரம் நான் பாதிப் பாடந்தான் நடத்துனேன். பசியப் பார்த்த வீட்டுல அம்மா அள்ளித்தான் வைப்பாங்க. அது தெரியாம சிரிச்சுட்டேன். என்னை மன்னிச்சுக்கம்மா."

பிரம்போடு திரிந்த ஆசிரியர்களைத்தான் அதுவரை எல்லாருக்கும் தெரியும். அவர் கரும்பலகைக்குத் திரும்பி மீதிப் பாடத்தை நடத்தினார். பஞ்ச நாளுக்கென்று உடம்பு சேர்த்துவைப்பதுதான் கொழுப்பு; பஞ்சம் போன பிறகும் சேர்த்துக்கொண்டே போனால் அதுவே பாரம் என்றார். அப்போது மூன்றாவது பெஞ்சில் ஒரு கை உயர்ந்தது.

"கொஞ்சமா போட்டுக்கிட்டா அம்மா அழுவாங்களே டீச்சர்?"

"அவங்களயும் பக்கத்துல உக்கார வச்சு, ஒன் தட்டுல பாதியக் குடு. அவங்க என்னைக்கு வயிறாரச் சாப்பிட்டாங்க?"

அந்தப் பெண் படிப்பை நிறுத்தவில்லை.

இப்போது அதே ஊரில் புக்கிட் பாரு பக்கம் தெருவுக்குத் தெரு பொரித்த கோழியும் வண்ணச் சர்க்கரைத் தண்ணீரும் விற்கிறார்கள். பருத்த பிள்ளையைப் பார்த்ததும் புத்தி சொல்ல ஆளுக்குப் பஞ்சமில்லை. நானும் முப்பது வருஷம் சொன்னவள்தான். செரிமானப் பாடத்துக்குப் புடவைகூட விரித்திருக்கிறேன். என் வாய்க்கு எத்தனை பிள்ளைகள் தலைகுனிந்தார்கள் என்பது எனக்குத் தெரியும். அவர்களில் ஒருவர் வீட்டு வாசலையும் நான் மிதித்ததில்லை.