யாரால், எதனால்

எனக்குப் பள்ளிக்கூடம் எட்டோடு சரி. மிச்சத்தை மனிதர்கள் பேசக் கேட்டுத்தான் வாங்கிக்கொண்டேன். கிழக்கு நாட்டார், மேற்கு நாட்டார் யோசிக்கும் விதத்தையும் அப்படித்தான் துறைமுகத்தில் ஒரு காலையில் கொஞ்சம் புரிந்துகொண்டேன்.

கப்பலின் சரக்கறைத் திறப்பின் விளிம்பில் நின்று கிரேன்காரருக்குக் கையால் சைகை காட்டுவது என் வேலை. அன்று மரக்கட்டைக் கட்டு பாதி உயரம் ஏறியபோது, தூக்கும் பெல்ட் அறுந்து கட்டு கீழே விழுந்தது. நல்லவேளை, அடியில் ஆளில்லை.

கப்பலின் ஐரோப்பிய அதிகாரி படிவத்தோடு வந்து, யார் பொறுப்பு என்று கேட்டார். அதில் என் பெயர் ஏறினால் என் துறைமுகப் பாஸ் போய்விடும், வேலையும் போய்விடும். எங்கள் மேஸ்திரி அண்ணாச்சி என்னைத் தனியே கூட்டிப்போனார்.

"நேரம் சரியில்லலே. பூசணிக்காய உடைச்சிட்டு வேலையப் பாப்போம்."

"பேரு கேக்காரே அண்ணாச்சி?"

"சனீஸ்வரன்னு எழுதச் சொல்லு. கையெழுத்த அவரே வந்து போடட்டும்."

கப்பல் ஆட்களில் ஒருவர் கொழும்புப் பக்கத்துச் சிங்களவர். மணிக்கட்டில் புத்த பிக்குகள் பிரித் ஓதிக் கட்டிய வெள்ளை நூல். அவர் யாரிடமும் எதுவும் கேட்கவில்லை. அறுந்த பெல்ட்டை மடியில் போட்டு, விரலால் தடவிக்கொண்டே போனார். பிறகு விளிம்பின் அடிப்பக்கத்தைத் தடவி, துருவேறிப் பிசிறாக நின்ற ஓரிடத்தை அதிகாரிக்குக் காட்டினார்.

என் பக்கம் திரும்பினார். "யார் எண்டு கேட்டா ஒரு ஆள் கிடைப்பான் தம்பி. விதி எண்டா அதுவும் இல்ல. என்னென்ன சேர்ந்து இது நடந்தது எண்டு பார்க்கத்தான் எங்கட விகாரையில பழக்கினது. உன்ட கையும் அதுல ஒண்டு."

உண்மைதான். அவசரத்தில் சாய்வாகத் தூக்கச் சொல்லியிருந்தேன்; அதில்தான் பெல்ட் அந்தத் துருவில் உரசியது. அதிகாரியிடம் தெரிந்த இங்கிலீஷில் சொல்லிவிட்டேன்.

அவர் பெயர்க் கட்டத்தில் பெயர் எழுதாமல் கோடு போட்டு, கீழே துரு, பழைய பெல்ட், சாய்ந்த தூக்கு என்று மூன்றையும் எழுதினார். அடுத்த ஒரு மணி நேரத்திலேயே விளிம்பைத் தேய்க்க வைத்து, புது பெல்ட்டுகளும் எடுத்துக் கொடுத்தார். எங்களிடம் விட்டிருந்தால் பூசணிக்காயோடு முடிந்திருக்கும். அண்ணாச்சி அதையும் விடாமல் உடைத்தார். ஆனால் கடைசிவரை என் பெயரை அவர் வாயிலிருந்து யாராலும் வாங்க முடியவில்லை.

மூன்று பேருக்கும் நான் கடன்பட்டவன். மத்தியானம் அதே விளிம்பில் நின்றேன். கட்டு நேராக வரும்வரை கையை உயர்த்தவே இல்லை.