மீன் தலைக்கு வந்த சண்டை

நான் வளர்ந்தது செங்கல்பட்டுக்கு வெளியே இருந்த ஒரு பிள்ளைகள் விடுதியில். அங்கே ஆண் பிள்ளைக்கு நாலு வயது முடிந்தால் சதுரங்கப்பட்டினத்தில் இருந்த ஆண்கள் விடுதிக்கு அனுப்பிவிடுவார்கள். அக்கா, தம்பி என்பதெல்லாம் கணக்கில் வராது. அப்பா அம்மா இல்லாத எனக்குத் தம்பி ஒருவன்தான் இருந்தான். ஜீப்பில் ஏற்றும்போது அவன் என் பாவாடையை விடவே இல்லை. கிழிந்த துண்டைக் கையில் பிடித்தபடியே போனான். அந்த விதியைப் போட்ட புண்ணியவானுக்கு உடன்பிறந்தவர் யாரும் இருந்திருக்க மாட்டார்கள்.

எழுபதுகளின் நடுவில் மேற்பார்வைக்குப் புதிதாக ஓர் அம்மா வந்தார். மந்தையை அடைப்பதுபோல் பிள்ளைகளை ஒரே கூடத்தில் அடைப்பது வளர்ப்பே இல்லை என்று விடுதியை நடத்திய கமிட்டியோடு மல்லுக்கு நின்றார். கடைசியில் தோட்டத்துப் பக்கம் சும்மா கிடந்த ஓட்டு வீட்டைக் கேட்டு வாங்கினார். உடன்பிறந்த பிள்ளைகள் சிலரும் அவர்களைப் பார்த்துக்கொள்ள ஒரு வீட்டம்மாவும் அங்கே தனி அடுப்பு வைத்து ஒரே குடும்பமாக இருக்க வேண்டும் என்பது ஏற்பாடு. பொங்கல் வரை பார்ப்போம், ஒழுங்கு கெட்டால் பழையபடி பிரித்துவிடுவோம் என்றது கமிட்டி.

போய்ச் சில வருஷம் கழித்துத் தம்பி திரும்பி வந்தான். "உன் அக்காடா" என்று என்னைக் காட்டினார்கள். மொட்டைத் தலையோடு கைகட்டி நின்று, "வணக்கம்" என்றான். எனக்கு அழுகையைவிடக் கோபம்தான் வந்தது.

முதல் நாள் மத்தியானம் தட்டில் சோறு விழுந்தும் நாங்கள் யாரும் கை வைக்கவில்லை. வீட்டம்மா திருப்போரூர் பக்கத்துக்காரர். அவருக்கு ஒன்றும் புரியவில்லை.

"இன்னாடி, கொழம்பு புடிக்கலியா?"

"இன்னும் மணி அடிக்கலியே" என்றேன். கூடத்தில் மணி அடித்த பிறகுதான் சாப்பிட வேண்டும்.

வீட்டம்மா கரண்டியால் சட்டியில் ஒரு தட்டு தட்டினார். "இந்தா, அடிச்சாச்சு. துன்னுங்க. நாளையிலேர்ந்து அவங்கவங்க வவுறுதான் மணி."

மற்ற எல்லாரும் பழகிக்கொண்டோம். தம்பி மட்டும் கரண்டியையே பார்த்துக்கொண்டிருப்பான். போட்டதைத் தின்பான், இன்னும் வேண்டும் என்று கேட்கமாட்டான். சமத்துப் பிள்ளை என்று எல்லாரும் மெச்சினார்கள். எனக்கு அந்தச் சமத்தைக் கண்டாலே வயிறு எரிந்தது. அவனுக்கு நானும் ஒன்றுதான், வீட்டுத் தூணும் ஒன்றுதான்.

பொங்கலுக்குக் கொஞ்ச நாள் முன்பு ஒரு மத்தியானம் மீன் குழம்பு. தலை என் தட்டில் விழுந்தது.

"அது எனக்கு" என்றான் தம்பி.

என் காதையே நம்ப முடியவில்லை. இன்னொரு தடவை கேட்கவேண்டும்போல் இருந்தது. "தர மாட்டேன் போடா" என்றேன்.

எட்டி என் சடையைப் பிடித்து இழுத்தான். நான் நறுக்கென்று ஒரு குட்டு வைத்தேன். "அக்கா அடிக்கிறா" என்று அவன் ஊரைக் கூட்டினான். நிமிர்ந்தால், வாசலில் கமிட்டிக்காரர்கள். எனக்கு உயிரே போய்விட்டது.

"சதுரங்கப்பட்டினத்துல இருந்த வரிக்கும் இந்தப் பையன் வாயத் தொறந்ததே கெடையாது. இதான் நீங்க வளக்கிற லட்சணமா?" என்றார் பெரியவர் ஒருவர்.

வீட்டம்மா எழுந்துகூட நிற்கவில்லை. "அதாங்க அவனுக்கு நோவு. எனக்கு வோணும்னு இன்னிக்கித்தான் ஒண்ணு கேட்டுக்கிறான். அதுவும் அவங்க அக்காளாண்ட."

கமிட்டியில் கடைத்தெரு ஜவுளிக்கடை பாய் ஒருவர் இருந்தார். அவர் சிரித்துவிட்டார். "எங்க வூட்லயும் தலைக்குத்தான் சண்ட. வாங்க போலாம், புள்ளைங்க துன்னட்டும்." பெரியவர் முணுமுணுத்துக்கொண்டே பின்னால் போனார். பிரிக்கிற பேச்சை அதன் பிறகு யாரும் எடுக்கவில்லை.

அவர்கள் போனதும் தலையைத் தூக்கி அவன் தட்டில் போட்டேன். கண்ணைத் துடைத்துக்கொண்டு, மீன் கன்னத்துச் சதையைப் பிய்த்து என் பக்கம் நீட்டினான்.

"நீயும் துன்னுக்கா" என்றான்.