எமனுக்கு ஒரு தட்டு, சாமிக்கு இரண்டு தட்டு

செய்தி வந்தபோது தாம்பரம் ரயில் நிலையத்து நடைமேம்பாலப் படியில் பாதி ஏறியிருந்தேன். நசீமாவின் கணவர் அனுப்பிய குறுஞ்செய்தி, ஆங்கில எழுத்தில் தமிழ்: "நசீமா மௌத். அசருக்கு அப்புறம் அடக்கம்." இறந்துவிட்டார், பிற்பகல் தொழுகைக்குப் பிறகு அடக்கம் என்று அர்த்தம். பின்னால் வந்த ஒருவர், "இன்னா சார், வழில நின்னுகினு" என்று இடித்துக்கொண்டு போனார். நான் ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை. ஒரு வருடமாக நசீமாவுக்கு உடம்பு சரியில்லை என்று நம் எல்லோருக்கும் தெரியும். தெரிந்திருந்தும் எனக்கு அழுகை வரவில்லை, கோபம்தான் வந்தது. நாற்பது வயதுகூட ஆகாத மனுஷி.

நசீமாவைத் தெரிந்தவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். உருகி உருகி எழுதினால் அவருக்குப் பிடிக்காது. அதைவிட, அவர் ஜெயித்த கதையைச் சொல்கிறேன். அந்தக் கதையில் தோற்றவன் நான்தான். ஆகவே எனக்குத்தான் அது நன்றாகத் தெரியும்.

சேலையூரில் பாத்திரக் கடைக்கு மேலே இரண்டு அறைகளில் எங்கள் கம்பெனி இருந்தது. நானும் கல்லூரி நண்பன் வரதனும் தொடங்கியது. பாட்டுப் பதிவுக்கு வேண்டிய மென்பொருள் எழுதுவதுதான் தொழில். ஆனால் எழுதுவது நாங்கள், பெட்டியில் பெயர் வேறு யாருடையதோ. ஐந்து வருடம் அப்படி எழுதிச் சலித்த பிறகு, எங்கள் பெயரிலேயே ஒரு பொருள் செய்வோம் என்று முடிவெடுத்தோம். அதுதான் அந்த ஸ்பிரிங் எக்கோ பிளக்-இன், பாட்டுப் பதிவு மென்பொருளோடு சேர்த்துக்கொள்ளும் ஒரு சின்ன நிரல். வெளிநாட்டு நிறுவனம் ஒன்று, பிடித்திருந்தால் உங்கள் பெயரோடே விற்றுத் தருகிறோம் என்றது. பிடிக்காவிட்டால் மறுபடி ஊர்பேர் தெரியாத வேலைதான். ரெண்டாவது வாய்ப்பெல்லாம் கிடையாதென்று வரதன் என்னிடம் தினமும் ஒரு தடவை சொல்வான்.

அறியாதவர்களுக்காக ஒரு வார்த்தை. அந்தக் காலத்து எக்கோ பெட்டி என்பது ஒரு தகர டப்பா. உள்ளே இரண்டு மூன்று ஸ்பிரிங் தொங்கும். ஒரு முனையில் பாட்டை விட்டால், ஸ்பிரிங் வழியே ஓடி, முட்டித் திரும்பி, மறுமுனையில் குளியலறையில் பாடியதுபோல வெளியே வரும். அந்த டப்பாவைக் கணக்குகளாக மாற்றிக் கணினிக்குள் வைப்பதுதான் எங்கள் வேலை. கணக்கை நான் எழுதினேன். நன்றாகவே எழுதினேன் என்று இன்றைக்கும் சொல்வேன். எழுதிய பெருமையில் கணக்கிலிருந்த ஒவ்வொரு எண்ணுக்கும் திரையில், ரேடியோவில் இருப்பதுபோலத் திருப்புகிற ஒரு குமிழ் வைத்தேன். இருபத்திரண்டு குமிழ்கள். விமானம் ஓட்டுகிறவன்கூட மிரண்டுபோயிருப்பான்.

சோதனை வேலைக்கு ஆள் தேடியபோதுதான் நசீமா வந்தார். மேற்குத் தாம்பரத்தில் அவர் அப்பா மைக் செட் வாடகைக்கு விடும் கடை வைத்திருந்தார். டிப்ளமோ முடித்திருந்தாலும் நசீமா வளர்ந்ததெல்லாம் ஆம்ப்ளிஃபயர் பெட்டிகளுக்கு நடுவில்தான். முக்காட்டின் மேல் ஹெட்ஃபோனை ஒரு காதில் மட்டும் வைத்துக்கொண்டு உட்காருவார். ஏன் என்று கேட்டதற்கு, "ஒரு காது வேலைக்கு சார், இன்னொண்ணு உங்களுக்கு" என்றார். ஜன்னலையும் சாத்தவிடமாட்டார். கீழே பாத்திரம் கொட்டுகிற சத்தம், தெருவில் பஸ் ஹாரன் எல்லாம் வரும். "சாத்திட்டுக் கேட்டா எதுவும் நல்லாத்தான் இருக்கும்" என்பார்.

வந்த இரண்டாவது வாரமே என் குமிழ்களுக்குக் கேடு வந்தது. ஒரு நாள் காலையில் மூன்று பேரை அழைத்துவந்தார். ஒருவர் அப்பாவின் கடையில் வேலை செய்பவர், ஒருவர் குரோம்பேட்டையில் ஒரு மெல்லிசைக் குழுவில் கிடார் வாசிப்பவர், மூன்றாமவர் சர்ச்சில் கீபோர்டு வாசிக்கும் அக்கா. திரையில் குமிழ்களின் பெயர் இருந்த இடத்தையெல்லாம் காகிதத் துண்டு ஒட்டி மறைத்துவிட்டார். "பேர் இல்லாம எப்படித் திருப்புவாங்க?" என்றேன். "காதை வெச்சுக்கினு திருப்புவாங்க" என்றார். என்னை ஒரு நாற்காலியில் உட்காரவைத்து, வாயைத் திறக்கக்கூடாது என்று நிபந்தனையும் போட்டார். என் கம்பெனியில் எனக்கே நிபந்தனை.

மூன்று பேரும் ஒரே காரியத்தைத்தான் செய்தார்கள். கண்ணில் பட்ட பெரிய குமிழைப் பிடித்து வலது கோடிவரை திருகினார்கள். ஸ்பீக்கர் நாராசமாகக் கத்தியது. கிடார்காரர் காதைப் பொத்திக்கொண்டு, "சாரிங்க, தெரியாம ஒடச்சுட்டேன் போல" என்று கையை எடுத்துவிட்டார். அவருடைய அந்த முகத்தைப் பார்த்தபோது எனக்கே வெட்கமாக இருந்தது. அவர்கள் போனதும் நசீமா சொன்னார்: "எவனா இருந்தாலும் மொதல்ல கோடிக்குத்தான் திருப்புவான் சார். அங்க கேவலமா இருந்தா தப்பு அவன் மேல இல்ல." பதினாறு குமிழ்களை அந்த மூன்று பேரில் ஒருவர்கூடத் தொடவில்லை. அவை போயின. பெரிய குமிழ் கடைசிவரை போனாலும் கேட்க இனிமையாக இருக்கும்படி கணக்கை மாற்றினேன். மிஞ்சியவை ஆறு: எத்தனை ஸ்பிரிங், எவ்வளவு நீளம், எவ்வளவு இறுக்கம், எத்தனை நேரம் ஒலிக்கும், குரல் கூர்மையா மந்தமா, பாட்டோடு எவ்வளவு கலக்க வேண்டும். ஒரு மாதம் முணுமுணுத்துக்கொண்டேதான் மாற்றினேன்.

அடுத்தது தட்டு. ஸ்பிரிங் டப்பாவை ஆட்டினாலோ இடித்தாலோ உள்ளே ஸ்பிரிங்குகள் ஒன்றோடொன்று மோதி "தடார்" என்று ஒரு சத்தம் வரும். என்னைப் பொறுத்தவரை அது டப்பாவின் கோளாறு. கணக்கில் அதற்கு இடமே வைக்கவில்லை. நசீமா அதற்கென்று திரையில் ஒரு பொத்தான் வேண்டும் என்றார்.

"கோளாறை யாராவது விப்பாங்களா?"

"கோளாறா? அதுக்குத்தான் சார் எங்கப்பாவையே கூப்பிடுவாங்க."

மாடம்பாக்கம் பக்கத்து அம்மன் கோவில் திருவிழா நாடகங்களுக்கெல்லாம் அவர் அப்பாதான் மைக் செட். எமன் மேடைக்கு வரும்போது எக்கோ பெட்டியின் தலையில் ஒரு தட்டு. சாமி வந்தால் இரண்டு தட்டு. பக்கத்து ஊரில் வேறு ஆள் மைக் கட்டினால், "அந்த பாய் மாதிரி இடி இல்லியே" என்று சனம் குறைப்படுமாம். "இடிக்குக் காசு தனியா கேக்கலாம்ல வாப்பான்னு சொல்வேன், இடி ஃப்ரீம்மான்னுவாரு" என்று நசீமா சிரித்தார். சரி, தொலையட்டும் என்று ஒரு பொத்தான் வைத்தேன்.

இப்போது என் திருட்டைச் சொல்ல வேண்டும். எனக்கு நேரம் இல்லை, மனசும் இல்லை. ஒரு நிஜ டப்பாவைத் தட்டி, வந்த சத்தத்தைப் பதிவு செய்து உள்ளே வைத்துவிட்டேன். பொத்தானை அழுத்தினால் அந்தப் பதிவு ஓடும், அவ்வளவுதான். யாரிடமும் சொல்லவில்லை. திங்கட்கிழமை காலை அந்த நிறுவனத்திலிருந்து இரண்டு பேர் வருவதாக இருந்தது. சனிக்கிழமை மத்தியானம் நசீமாவின் சோதனைத் தாள் என் மேசைக்கு வந்தது. வரிசையாக "தேறியது, தேறியது" என்று போய், கடைசி வரியில்: "தட்டு: தேறவில்லை." கையெழுத்துப் போட வேண்டிய இடம் காலி.

"நாலு தட்டு தட்டினேன் சார். நாலும் ஒரே தட்டு."

"அதுக்கென்ன? யாரு கவனிக்கப்போறாங்க?"

"தட்டறவன் கவனிப்பான்."

கத்தினேன். பாத்திரக் கடைக்காரர் கீழேயிருந்து எட்டிப் பார்க்கும் அளவுக்குக் கத்தினேன். ஐந்து வருட உழைப்பு ஒரு பொத்தானால் நாசமாக வேண்டுமா என்றேன். வரதனைக் கூப்பிட்டு நீயே சொல் என்றேன். அவன் பாவம், இருவர் முகத்தையும் மாறிமாறிப் பார்த்தான். நசீமா குரலை உயர்த்தவே இல்லை. "நீங்க மொதலாளிங்க. அப்படியே காட்டுங்க, வேணாம்னு சொல்லல. என் கையெழுத்த மட்டும் கேக்காதீங்க" என்று பையை எடுத்துக்கொண்டு பஸ்ஸுக்குக் கிளம்பிவிட்டார். படியிறங்கும்போது, "வரேன் சார்" என்றார். நான் பதில் சொல்லவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலையில் அலுவலகத்தைத் திறந்தேன். அவர் சொன்னது தப்பு என்று நிரூபிப்பதற்காகத்தான். நிஜ டப்பாவை மேசையில் வைத்து ஒரே பலத்தில் பத்து முறை தட்டிப் பதிவு செய்து பார்த்தேன். பத்தும் பத்து விதமாக இருந்தன. காரணம் எளிமையானது, ஒரு குழந்தைக்குக்கூடத் தெரிந்திருக்கும். முதல் தட்டில் ஆடிய ஸ்பிரிங் நிற்பதற்குள் அடுத்த தட்டு விழுகிறது. பாட்டு ஓடும்போது தட்டினால் அது வேறு மாதிரி. ஸ்பிரிங் என்பது நடந்ததை ஞாபகம் வைத்திருக்கும் பொருள். இத்தனை வருடம் அதற்குக் கணக்கு எழுதியவன், அதைத் தட்டும்போது மட்டும் மறந்திருக்கிறேன். பதிவைத் தூக்கி எறிந்துவிட்டு, பொத்தானை அழுத்தினால் கணக்கிலுள்ள ஸ்பிரிங்கே குலுங்கும்படி எழுதினேன். அரை நாள்கூட ஆகவில்லை. அந்த அரை நாள் வேலைக்காகத்தான் அத்தனை கத்தல்.

திங்கட்கிழமை எட்டு மணிக்கெல்லாம் நசீமா வந்துவிட்டார். நாற்காலியை அவர் பக்கம் நகர்த்தினேன். ஒரு காதில் ஹெட்ஃபோன். ஒரு தட்டு. கொஞ்சம் பொறுத்து அடுத்தடுத்து இரண்டு தட்டு. திரும்பி என்னைப் பார்க்கவில்லை. தாளை இழுத்து "தேறியது" என்று எழுதி, கையெழுத்துப் போட்டு, "டீ சொல்லட்டுமா சார்?" என்றார். எனக்குக் கண் கலங்கிவிட்டது. தூசி என்று சொன்னேன்.

பத்து மணிக்கு வந்த இருவரில் மூத்தவர் பெரிய குமிழைப் பிடித்தார். நேராக வலது கோடி. வரதன் மூச்சை அடக்கினான். பாட்டு அழகாக விரிந்தது. அவர் தலையாட்டிக்கொண்டே தட்டுப் பொத்தானுக்குப் போனார். ஒரு தரம் அழுத்தினார். பொறுத்தார். மறுபடி அழுத்தினார். உடனே இன்னொன்று. மூன்றாவது தட்டு இரண்டாவதின் மேல் விழுந்து உருண்டது. ஹெட்ஃபோனைக் கழற்றிக் கூட வந்தவரின் தலையில் மாட்டினார். இரண்டு பெரிய மனிதர்கள் சண்டை போடாத குறையாக மாறிமாறி அந்தப் பொத்தானை அழுத்திக்கொண்டிருந்தார்கள். இது யார் யோசனை என்று கேட்டார்கள். வரதன் நசீமாவைக் காட்டினான். அவர் எழுந்து நின்று, "மை ஃபாதர், சார்! ஒன் ஃபார் எமன், டூ ஃபார் காட்!" என்றார். நான் விளக்கிச் சொன்னதும் மூத்தவர் வாய்விட்டுச் சிரித்து, இரண்டு முறை தட்டிவிட்டு, எங்களிடம் கையை நீட்டினார். பிளக்-இன் எங்கள் பெயரிலேயே வெளிவந்தது. திரையின் கீழ் ஓரத்தில் எங்கள் மூன்று பேரின் பெயர்களும் இருக்கும். முதல் பெயர் நசீமா. அகர வரிசையில் அது முதலில் வராதே என்று அவரே கேட்டார். வரிசை என்னுடையது என்றேன்.

மறு வருடம் ஒரு நாள் இருவரும் பஸ்ஸில் வந்துகொண்டிருந்தோம். இரும்புலியூர் சிக்னலில் நின்றபோது டிரைவர் வைத்திருந்த பண்பலையில் ஏதோ நகைக் கடை விளம்பரம். நடுவில் உருண்டு விழுந்தன எங்கள் இரண்டு தட்டுகள். எனக்குச் சந்தேகம். நசீமாவுக்குச் சந்தேகமே இல்லை. இருக்கையிலிருந்து எழுந்து, "சார்! ரெண்டு தட்டு! சாமி வந்துட்டாரு!" என்று கத்தினார். கண்டக்டர் திரும்பி, "எந்த ஸ்டாப்புமா?" என்றார். பஸ்ஸே சிரித்தது. நான் எழுதியவற்றில் எதற்கும் அதைவிடப் பெரிய பரிசு கிடைத்ததில்லை.

அடக்கம் முடிந்து பள்ளிவாசல் வாசலில் அவர் அப்பா என் கையைப் பிடித்துக்கொண்டார். "எங்க பொண்ணு உங்கள ரொம்ப பேஜார் பண்ணிச்சாமே சார்? அதே சொல்லிக்கினு இருக்கும்" என்றார். "ஆமாம் பாய், நல்லாப் பண்ணாங்க" என்றேன்.

அவரிடமிருந்து என்னிடம் இருப்பது என்ன என்று கேட்டால், சொல்ல முடிகிறது. இந்தத் திங்கட்கிழமை கவிதா, எங்களிடம் இப்போது நிரல் எழுதும் கெட்டிக்காரப் பெண், ஆறு மாதம் உழைத்த வேலையை என் கையெழுத்துக்குக் கொண்டுவந்தாள். மறுநாள் அனுப்ப வேண்டும். முழுதும் கேட்டேன். எல்லாம் நன்றாக இருந்தது, ஒன்றைத் தவிர. சின்ன விஷயம்தான். யாரும் கவனித்திருக்கமாட்டார்கள். "தேறவில்லை" என்று எழுதிக் கொடுத்தேன். கத்தினாள். கதவை அறைந்துகொண்டு போனாள். மூன்று நாளாக என்னோடு பேசவில்லை.

பேசுவாள். நானும் பேசினேன்.