குட்டியானைச் சாவியை வைத்து ரிலீஸான ரோபோ படம்

கதை சொன்ன அன்று எங்கள் மொட்டைமாடியில் இருந்தவர்கள் ஐந்தே பேர். நான், என் வீட்டுக்காரர், எங்கள் பின்னறையில் வாடகைக்கு இருக்கும் திருநெல்வேலித் தம்பி, அவனோடு கார் பாகங்கள் செய்யும் கம்பெனியில் வேலை பார்க்கும் சுருட்டைமுடிப் பையன், இன்னொரு ஒல்லிப் பையன். மே தினம், கம்பெனிக்கு லீவு. தம்பிதான் இயக்குநராம். சுருட்டைமுடி ஹீரோவாம், ஒல்லி வில்லனாம். மூன்று பேரும் என் மெஸ்ஸில் சாப்பிடுகிறவர்கள். அந்த உரிமையில் கதையை முதலில் என்னிடம் சொல்ல ஏறி வந்துவிட்டார்கள்.

"யக்கா, வேற கிரகத்துல இருந்து ரோபோ கூட்டம் ஒண்ணு வருது. நேரா நம்ம பிள்ளைப்பாக்கம் ஏரியில எறங்குது" என்றான் தம்பி.

"ஏம்பா, அமெரிக்கால எறங்க இன்னா கஷ்டம் அதுக்கு?" என்றார் என் வீட்டுக்காரர்.

"கையி காலு கழண்டா மாட்டணும்லா அண்ணாச்சி? ஒரகடத்தச் சுத்தி இல்லாத ஸ்பேர் பார்ட்ஸா?"

அவருக்குக் கதை பிடித்துப்போயிற்று. எனக்குப் பயம்தான் வந்தது. ஏழாவதோடு படிப்பை விட்டவள் நான். தெரியாத காரியம் எதுவானாலும் அதில் போலீஸ் எந்தப் பக்கத்திலிருந்து வரும் என்றுதான் முதலில் யோசிப்பேன். ரோபோ உடம்பு செய்யக் கம்பெனியில் கழித்துப்போடும் பேக்கிங் ஃபோமை எடுத்து வருவோம் என்றார்கள். கேட்டில் பிடித்தால் மூன்று பேருக்கும் வேலை போய்விடுமே என்று நான் போட்ட சத்தத்தில், கடைசியில் காயலாங்கடையில் காசு கொடுத்தே வாங்கினார்கள். வெள்ளி பெயிண்ட் அடித்த ஃபோம், தலைக்கு பைக் ஹெல்மெட். மாடியில் காயப்போட்டிருந்த ரோபோக்களைப் பார்த்துவிட்டு, கேஸ் சிலிண்டர் கொண்டு வந்தவர் படியிலேயே நின்றுவிட்டார்.

படம் எடுப்பதில் பெரிய இடைஞ்சல் ஷிஃப்ட்தான். ஹீரோ காலை ஷிஃப்ட் என்றால் வில்லன் இரவு ஷிஃப்ட். வாரம் மாறினால் இருவருக்கும் சேர்ந்தே மாறும். ஞாயிற்றுக்கிழமை யாராவது ஒருவருக்கு ஓவர்டைம் வந்துவிடும். ஒருவரையொருவர் அடித்துக்கொள்ள வேண்டிய இருவரும் நேரில் சந்திக்கவே வழியில்லை. அதனால் ஹீரோ அடிக்கிற நாளில் வில்லனின் உடுப்பைப் போட்டுக்கொண்டு என் வீட்டுக்காரர் நின்றார். வில்லன் திருப்பி அடிக்கிற நாளில் ஹீரோவின் சட்டையைப் போட்டுக்கொண்டும் அவரேதான் முதுகைக் காட்டி நின்றார்.

"இன்னாமே இது, ரெண்டு பேர் அடியும் எனக்கேவா?" என்று இடுப்பில் தைலம் தேய்த்துக்கொண்டே கேட்பார். முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம். படத்தில் பார்த்தால் வில்லனுக்கு ஒரு குத்துக்குத் தொப்பை வருகிறது, அடுத்த குத்துக்குக் காணாமல் போகிறது. வேற்றுக்கிரகத்து உடம்பு, சுருங்கி விரியும் என்று தம்பி ஒரு வசனம் சேர்த்துச் சமாளித்துவிட்டான்.

முடிந்ததும் போனில் போட்டுவிடுவார்கள் என்று நினைத்திருந்தேன். தம்பி ஒப்பவில்லை. "ஒரு தடவயாவது பெரிய ஸ்கிரீன்ல பாத்துரணும்க்கா" என்றான். ஃபாதரிடம் கேட்டு மாதா கோயில் மைதானத்தை வாங்கினோம். கல்யாணத்துக்கும் கட்சிக் கூட்டத்துக்கும் எல்இடி திரை வாடகைக்கு விடும் ஒருவரைப் பிடித்தோம். வாடகை பன்னிரண்டாயிரம். பாதியைப் பையன்கள் திரட்டிக் கொடுத்தார்கள். மீதியைப் படம் பார்க்க வருகிறவர்களிடம் வசூலித்துத் தருவதாகப் பேச்சு. அவர் நம்பவில்லை.

"வசூல நம்பி நான் தெர கட்டுனா என் வூட்ல ஒல கொதிக்காது. ஏதாச்சும் வெச்சிட்டுப் பேசுங்க."

நான் வாயைத் திறப்பதற்குள் என் வீட்டுக்காரர் குட்டியானைச் சாவியை எடுத்து நீட்டிவிட்டார். எங்கள் சின்ன லோடு வண்டி அது. அதில்தான் தினமும் விடியற்காலையில் பென்னலூர், வடக்குப்பட்டு ஹாஸ்டல்களுக்கு என் இட்லி போகிறது. படம் போடுவது ஞாயிறு ராத்திரி, மறுநாள் திங்கட்கிழமை. வண்டி இல்லையென்றால் இத்தனை இட்லியையும் தலையிலா சுமப்பது? ஒரு வேளை இட்லி வராவிட்டால் ஹாஸ்டல்காரர் வேறு மெஸ்ஸைப் பார்த்துக்கொள்வார்.

"வசூல் வர்லன்னா இன்னாங்க பண்றது?" என்றேன்.

"வரும்மே. நான் வாங்குன அடிக்காவது வராதா?"

மைதானம் நிறைந்துதான் இருந்தது. ஆனால் முதல் அரைமணி நேரம் யாரும் திரையைப் பார்க்கவில்லை. போனைப் பார்த்தார்கள், சுண்டல் வாங்கினார்கள். பின்வரிசையில் நாற்காலிகள் காலியாக ஆரம்பித்தன. ஒவ்வொரு நாற்காலி காலியாகும்போதும் என் வண்டியின் ஒரு சக்கரம் கழன்று போவதுபோல இருந்தது. செபமாலையை உருட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

அப்போதுதான் ரோபோப் படை ஏரியிலிருந்து ஊரைப் பிடிக்கப் புறப்பட்டது. வரிசையாகச் சர்வீஸ் ரோட்டில் நடந்து வருகின்றன. பின்னணியில் உலகமே அழிவதுபோல ஒரு மியூசிக். சாலையைக் கடக்க வேண்டிய இடம் வந்தது. முதல் ரோபோ நின்றது. வலது பக்கம் கையை நீட்டியது. இடது பக்கம் நீட்டியது. நேரே ஒரு தடவை நீட்டியது. பிறகுதான் காலை எடுத்து வைத்தது. அடுத்த ரோபோவும் நின்று, வலது, இடது, நேரே. அதற்கடுத்ததும் அப்படியே.

அவர்கள் கம்பெனியில் அது சட்டம். ஃபோர்க்லிஃப்ட் ஓடும் பாதையைக் கடக்குமுன் நின்று, கைநீட்டிக் காட்டிவிட்டுத்தான் போக வேண்டும். தவறினால் மெமோ. ரோபோவாக நடித்தவர்கள் அத்தனை பேரும் கம்பெனியில் அசெம்பிளி லைனில் நிற்கிற பையன்கள். உடம்பு தானாகச் செய்துவிட்டது. எடுத்தவனும் அதே லைன். வெட்டி ஒட்டும்போதும் அவன் கண்ணுக்கு அது வித்தியாசமாகவே படவில்லை.

மைதானத்தில் எழுந்த சத்தத்தில் கோயில் மாடப்புறாக்கள் பறந்தன.

"டேய், நம்ம ஷிஃப்ட் ஆளுங்கடா!"

"பூமிய அழிக்க வந்தாலும் சேஃப்டி முக்கியம் மச்சி!"

"ஒன்ஸ் மோர்! ஒன்ஸ் மோர்!"

எழுந்து போனவர்கள் திரும்பி ஓடி வந்தார்கள். மறுபடி போட்டபோது கூட்டமே எழுந்து நின்று கையை நீட்டியது. தம்பி முகத்தை மூடிக்கொண்டான். "யக்கா, அது பயங்கரமான சீனுக்கா. எல்லாரும் அழுவாவன்னுல்லா எடுத்தேன்." அழுதார்கள்தான், சிரித்துச் சிரித்து. திரைக்காரரும் ஜெனரேட்டர் பக்கத்தில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு குனிந்திருந்தார்.

படம் முடிந்து, காசு போட ஒரு ரோபோ ஹெல்மெட்டை வரிசையில் விட்டோம். எல்லோரும் கை தட்டினார்கள், தோளில் தட்டினார்கள், பணம்தான் விழவில்லை. மாசக் கடைசி ஞாயிறு என்பது எங்களில் ஒருவருக்கும் உறைக்கவில்லை. "சம்பளம் வரட்டுங்க்கா" என்று கையை விரித்தார்கள். எண்ணிப் பார்த்தால் இரண்டாயிரத்து எண்ணூற்று ஐம்பது.

திரைக்காரர் சாவியை விரலில் சுழற்றிக்கொண்டு நின்றார். நான் அவர் விரலையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"அண்ணா, காலைல இட்லி போவணும்ணா" என்றேன்.

"தெரிதும்மா. எனக்கும் இந்தத் தெரய காலைலயே சுங்குவார்சத்திரம் கல்யாணத்துல எறக்கணும். என் வண்டி ரிப்பேராயி மெக்கானிக் செட்ல கீது." என் வீட்டுக்காரர் பக்கம் திரும்பினார். "இட்லிய எறக்கிட்டு வந்து இத ஏத்திக்கிறியா? வாடக எழுநூறு கழிச்சிக்கலாம்."

"எழுநூறா? நான் வில்லன்யா! ஆயிரம் குடு."

"பாதி நேரந்தான வில்லன்? எழுநூறு."

சாவி என் கைக்கு வந்தது. காலையில் இட்லி சூடு ஆறாமல் போய்ச் சேர்ந்தது.

சம்பளம் வந்ததும் பையன்கள் மீதியைத் திரட்டிக்கொண்டு போனார்கள். திரைக்காரர் வாங்கவில்லை. "படத்துல வர்ற காசுலதான் வாங்குவேன். அடுத்து வடக்குப்பட்டுல போட்றோம்" என்று சொல்லி அனுப்பிவிட்டார். அவருக்கு அது தமாஷ். கடன் நின்றால் எனக்குச் சோறு இறங்காது. தினம் ஒரு தடவையாவது வீட்டுக்காரரிடம் தொகையைச் சொல்லி நினைவுபடுத்துகிறேன்: இன்னும் தர வேண்டியது இரண்டாயிரத்து நானூற்று ஐம்பது ரூபாய்.