இத்தா முடியட்டும் என்றேன்

வாப்பா மௌத்தாகி, அவரை அடக்கிய மூன்றாவது வாரம், தண்ணீர் வாளியைத் தூக்கும்போது உம்மாவின் முதுகில் ஏதோ முறிந்தது. விழவில்லை, வழுக்கவில்லை. வாளியைத் தூக்கினார், அவ்வளவுதான்.

திரை போட்ட வேனில் கல்முனையில் ஒரு டொக்டரிடம் கொண்டுபோனோம். எலும்பு தேய்ந்து உள்ளே பஞ்சு மாதிரி ஆகிவிட்டது, முள்ளந்தண்டில் ஒன்று நசிந்திருக்கிறது என்றார். கொழும்பில் ஊசியால் அந்த எலும்புக்குள் பசை போல ஒன்றை ஏற்றுவார்களாம். கொஞ்ச நேரத்தில் அது உள்ளே இறுகி எலும்பைத் தாங்குமாம்.

"ஆனா சுணங்கப்படா தங்கச்சி. முழுசா நசிஞ்சா ஏத்த இடமிருக்காது."

நான் எட்டாம் வகுப்போடு நின்றவள். ஆனாலும் அவர் சொன்னது எனக்கு விளங்கியது. விளங்கவில்லை என்று இப்போது பொய் சொல்ல மாட்டேன்.

உம்மா இத்தாவில் இருந்தார். புருசன் மௌத்தான பெண் நான்கு மாதமும் பத்து நாளும் வீட்டோடு இருக்க வேண்டும். ஒரு தரம் வெளியே போனதற்கே பக்கத்து வளவில் கதை கிளம்பியது. உம்மாவின் தங்கை, என் சாச்சி, வந்து நின்றாள்.

"என்னகா, புருசன் மண்ணுக்குள்ள போய் மாசம் ஒண்டாகல்ல, கொழும்பு பாக்கப் போறாவாம் எண்டு ஊரு செல்லும்."

யாரும் பள்ளிவாசலில் ஒரு வார்த்தை கேட்கவில்லை. தெரிந்த விசயத்தை எதற்குக் கேட்பது என்று இருந்தோம்.

அன்று பின்னேரம் உம்மா என்னிடம் மட்டும் கேட்டார். "நான் போகட்டா மகள்?"

"இத்தா முடியட்டும் உம்மா."

ஊருக்குப் பயந்து சொன்னேன். எனக்கு மாப்பிள்ளை பார்த்துக்கொண்டிருந்தார்கள். அதையும் சொல்லிவிடுகிறேன்.

மிச்ச நாளெல்லாம் உம்மா சாய்ந்தே கிடந்தார். தும்மல் வந்தால் பயந்து என் கையைப் பிடிப்பார்.

இத்தா முடிந்த மறுநாளே கொழும்புக்குப் போனோம். நசிந்த எலும்பு தட்டையாகிவிட்டது, மேலும் கீழும் இன்னும் இரண்டு போய்விட்டன, இனி ஊசி ஏற்றிப் பலனில்லை என்று படத்தைப் பார்த்துச் சொன்னார்கள். கூனிய முதுகு நெஞ்சை அமுக்கியது. சளி கட்டியது. இரண்டு மாதத்தில் உம்மாவும் மௌத்து.

மையித்து வீட்டுக்கு வந்த பெண்கள், இத்தாவைக் குறையில்லாமல் முடித்துவிட்டுப் போனாரே என்று புகழ்ந்தார்கள். சாச்சி தலையாட்டிக்கொண்டிருந்தாள்.

ஓத வந்த மௌலவியிடம் கதவுக்குப் பின்னால் நின்று கேட்டேன்.

"வருத்தத்துக்கு மருந்தெடுக்கப் போறத ஆரு தடுத்த? தாராளமாப் போயிருக்கலாமே" என்றார்.

போய்ச் சாச்சியிடம் சொன்னேன்.

"இனிக் கதைச்சு என்ன? அவட நசீபு, எழுதின எழுத்து. இத ஆருக்கும் செல்லிப்போடாத."

நான் சண்டை பிடிக்கவில்லை. போகட்டா என்று கேட்டது சாச்சியிடமல்ல, என்னிடம்.