மணி போன வழி

வருவாய்த் துறையில் முப்பது வருடம் வேலை பார்த்தவன் நான். எந்த மனுவையும் விதி காட்டித் திருப்பி அனுப்பத் தெரியும். ஆனால் சென்ற மழைக்காலத்தில் என் நாய் மணி இறந்தபோது, அதைப் புதைக்க ஏற்காட்டில் எனக்கு ஓரடி மண் இல்லை. வாடகை வீட்டைச் சுற்றி முழுக்கச் சிமென்ட்.

வீட்டு வேலைக்கு வரும் ஆரோக்கியமேரி, “எங்க ஊட்டுக்குப் பின்னால பொதைச்சுக்கலாமுங்க சார்” என்றார். அவர் வீடு கல்லறைத் தோட்டத்தை ஒட்டியது. இடையிலுள்ள காப்பி எஸ்டேட்டுக்குள் புகுந்தால் பத்து நிமிட நடை. சாலை வழியே போனால் மலையைச் சுற்ற வேண்டும்.

மணியை என் சால்வையில் சுற்றித் தூக்கிக்கொண்டேன். எஸ்டேட் காவலாளி எனக்கு வணக்கம் வைத்து கேட்டைத் திறந்தார். ஆரோக்கியமேரி உள்ளே வருமுன் அங்கே சற்று நின்றார்.

“சர்ச்சுல பூசை முடிச்சுக் கொண்டாந்த எங்க ஊட்டுக்காரரு சவப்பெட்டிய இங்கதானுங்க திருப்பி அனுப்புனாங்க. மழையில நொம்பத் தூரம் சுத்திப் போனோமுங்க.”

எனக்குத் தெரியும். அந்தப் பாதையைக் கேட்டு அவர் ஊர்க்காரர்கள் முன்பே கொடுத்திருந்த மனுவில், ‘தனியார் நிலம், பொதுவழி அன்று’ என்று எழுதிக் கையெழுத்திட்டவன் நான்தான். விதிப்படி அதில் இன்றும் குறை காண முடியாது. மனிதருக்கு மறுத்த வழியில் என் நாய் போனது.

மண் போட்டு மூடியதும் ஆரோக்கியமேரி, “ஏனுங்க சார், மணிக்காக உங்க சாமியக் கும்புடறதா, எங்க சாமியக் கும்புடறதா?” என்றார்.

“அதோட தடுப்பூசி அட்டைல மதம்னு கட்டமே இல்லம்மா.”

“அப்ப ரெண்டு பேருமே பாத்துக்கட்டுமுங்க” என்று சிலுவை போட்டுக்கொண்டார்.

அந்தக் கையெழுத்தைப் பற்றி அவரிடம் நான் இன்னும் சொல்லவில்லை, உங்களிடம் சொல்கிறேன். பணியில் இருந்திருந்தால், உரிய இடத்தில் கொடுக்கப்படாத மனு என்று இந்த வாக்குமூலத்தையும் திருப்பி அனுப்பியிருப்பேன்.